நாலு விரற்கடை

ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணியில் யாருடைய வீடும் அவரவர் வீடாக இருக்காது. ஆந்திரப் பக்கம் புத்தூர், நகரியிலிருந்தும், இந்தப் பக்கம் அரக்கோணம், காஞ்சிபுரத்திலிருந்தும் காவடி எடுத்து வருகிறவர்கள் உறவுக்காரர் வீட்டில் இறங்கிக் குளித்து, மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, 365 படி ஏறிப் போவார்கள். இறங்கி வந்ததும் இலை போட வேண்டும். போன வருடம் எங்கள் வீட்டில் பதினேழு பேர். பரணில் கிடந்த அண்டா, தவலை, பெரிய கரண்டிகள் எல்லாம் கீழே இறங்கின. எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, இரவு பதினொன்றரை மணிக்கு, கழுவிய கரண்டிகளில் ஆகப் பெரியதை மறுபடி பரணில் ஏற்றச் சோம்பல்பட்டு, அடுப்பு மேடைக்குக் கீழே இருக்கும் டிராயரில் குறுக்காகப் போட்டேன். மூடவில்லை. இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளி மூடினேன்.

மறுநாள் காலை அது திறக்கவில்லை.

சரியாகச் சொன்னால், நாலு விரற்கடை திறந்தது. அதற்கு மேல் வரவில்லை. இழுத்தேன், ஆட்டினேன், கீழே தட்டினேன். உள்ளே கரண்டியின் குழி நிமிர்ந்து மேல் சட்டத்தில் முட்டிக்கொண்டிருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. தொட முடிந்ததே தவிர அமுக்க முடியவில்லை. எட்டு மணிக்குக் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும். விட்டுவிட்டேன்.

அந்த டிராயரில் இருப்பவை இவை: காய் நறுக்கும் கத்தி இரண்டு, தோல் சீவி ஒன்று, கத்தரிக்கோல், டீ வடிகட்டி, கிடுக்கி, கேஸ் லைட்டர், ஏழெட்டுக் கரண்டிகள், இஞ்சி நசுக்கும் சின்ன இரும்பு உரல், மளிகைப் பொட்டலங்களில் வந்த ரப்பர் பேண்டுகள், எந்தப் பூட்டுக்கும் சேராத மூன்று சாவிகள். ஒரு நாளில் இருபது முப்பது தடவை திறக்கிற டிராயர் அது. திறக்காமல் சமையல் இல்லை. ஆனால் நாலு விரற்கடை இடைவெளி போதும் என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன். கையை ஒருக்களித்து மணிக்கட்டு வரை நுழைத்து, இரண்டு விரலால் துழாவி, கத்தியின் கைப்பிடியைப் பிடித்து மெதுவாக உருவலாம். விரல் மூட்டுகளில் பலகை விளிம்பு உரசும். அவ்வளவுதான்.

மூன்று நாளில் கை பழகிவிட்டது.

பிறகு டிராயரில் இருந்தவை ஒவ்வொன்றாக வெளியே குடியேறின. லைட்டர் ஜன்னல் விளிம்புக்கு வந்தது. கத்தரிக்கோல் ஃபிரிட்ஜ் தலைக்குப் போனது. மேடைமேல் ஒரு பச்சைக் கைப்பிடிக் கத்தி எப்போதும் கிடந்தது. நானும் அதில்தான் வெங்காயம் அரிந்தேன். கணவர் கடைத்தெருவில் வாங்கிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. பெண்கள் எழுதும் கட்டுரைகளில் இந்த வாக்கியத்தை அடிக்கடி பார்க்கிறேன். நானும் எழுத வேண்டியிருக்கிறது.

"ஏங்க, அந்த டிராயர் மாட்டிக்கிச்சு."

"ம். ஞாயித்துக்கிழமை பாக்கலாம்."

அப்படிப் பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இதே காலத்தில் அவருடைய ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டில் ஸ்பிரிங் அறுந்தது. அலுவலகத்திலிருந்து வரும் வழியிலேயே மெக்கானிக் கடையில் நிறுத்தி மாற்றிக்கொண்டு வந்தார். இதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வண்டியில் அவர் தினமும் கால் வைக்கிறார். டிராயரில் கை வைப்பதில்லை. தான் தொடாத பொருள் உடைந்திருப்பது ஒருவருக்குச் செய்தியாக வந்து சேருமே தவிர, வலியாக வந்து சேராது. செய்தியை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போடலாம்.

சரி, நானே தச்சரைக் கூப்பிடுகிறேன் என்று ஒரு நாள் போன் செய்தேன். நகரிப் பக்கத்துக்காரர். ஊரில் பாதி வீட்டுக் கதவுகள் அவர் கைவேலை.

"எந்த சொருகும்மா? மேலதா, கீழதா?"

"மேல் டிராயருங்க."

"சார் வீட்ல இருப்பாராம்மா?"

"நான் இருப்பேன்."

"பரவால்லம்மா. சார் இருக்கசொல்ல வரேன்."

சார் இருப்பது ஞாயிற்றுக்கிழமை. தச்சர் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவதில்லை. கணக்கு முடிந்தது.

அவர் சொன்ன 'சொருகு' என்ற சொல் மட்டும் என்னிடம் தங்கியது. டிராயருக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். தமிழில் இழுப்பறை என்று எழுதுகிறோம், டிராயர் என்று பேசுகிறோம். யாழ்ப்பாணத்தார் லாச்சி என்பார்கள். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் அது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அந்தப் பக்கம் போய், எல்லைப் போராட்டங்களுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்த ஊர் எங்களுடையது. இங்கே ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் இருப்பது அதிசயமில்லை. தமிழ் இழுப்பதைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறது. தெலுங்குச் சொல்லைத் தமிழ்க் காதால் கேட்டால் உள்ளே செருகுவது கேட்கிறது. என் டிராயர் செருகச் சம்மதித்துவிட்டு இழுக்க மறுத்தது.

இந்தச் சமையலறை உருவான கதையையும் சொல்ல வேண்டும். வீடு மாமனார் கட்டியது. மேடை எவ்வளவு உயரம் என்று மேஸ்திரி மாமனாரைக் கேட்டாராம். அவர் கையால் காற்றில் ஓர் உயரம் காட்டினாராம். மாமியாரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை. மாமியார் குள்ளம். அவருக்கே அந்த மேடை தாழ்வு. எனக்கு இன்னும் தாழ்வு. பத்து வருடம் முன்பு என் சம்பளத்தில் கடன் எடுத்து 'மாடுலர் கிச்சன்' போட்டோம். கையில் மடிக்கணினியோடு ஓர் இளைஞர் வந்தார். "சார், பட்ஜெட்?" என்று கணவரைக் கேட்டார். "மேடம், கலர்?" என்று என்னைக் கேட்டார். நான் கலர் சொன்னேன். மேடையை இடிக்காமல் அதன் கீழேயே பெட்டிகளும் டிராயர்களும் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். எதை எங்கே வைப்பீர்கள், எந்தக் கையால் எடுப்பீர்கள், இங்கே வேறு யார் வேலை செய்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் என்று எனக்கும் அன்று தோன்றவில்லை.

கேட்டு, அளந்து கட்டிய சமையலறை உலகத்தில் இல்லாமல் இல்லை. 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரத்தில், தொழிலாளர் குடும்பங்களுக்காகக் கட்டிய குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறையை வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிகோட்ஸ்கி. ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக்கலைஞர்களில் ஒருவர். அடுப்புக்கும் தொட்டிக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவே ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுத்து, ஆறரைச் சதுர மீட்டருக்குள் எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியச் சிறு பெட்டிகள். வண்டு வராமலிருக்க மாவுக்கு ஓக் மரத்தில் இழுப்பறை. உட்கார்ந்து காய் நறுக்கச் சுழலும் முக்காலி. காய்த் தோலை வழித்துத் தள்ள மேடையிலேயே பொருந்திய குப்பை இழுப்பறை. ஏறக்குறைய 10,000 வீடுகளில் இந்தச் சமையலறை பொருத்தப்பட்டது. அவர் பிறகு நாஜிகளை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்து, 1941-இல் வியன்னாவில் கைதாகி, போர் முடியும்வரை சிறையில் இருந்தார். 2000-ஆம் ஆண்டு, 102 வயதில் இறந்தார். இன்று நம் ஊர்க் கடைகளில் 'மாடுலர்' என்று விற்பதன் பாட்டி அந்தச் சமையலறைதான்.

அதன்மேல் பிற்காலப் பெண்ணியவாதிகளுக்கு ஒரு புகார் உண்டு. ஒருவர் மட்டும் நிற்கும்படி அது கட்டப்பட்டது. பெண்ணைத் தனியாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டது என்பார்கள். அந்தப் புகாரை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் சமையலறையில் நிற்பது ஒருவர் இல்லை, இரண்டு பேர் என்பது அப்படிச் சொன்னபோதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்ததில்லை.

புரட்டாசியில் முதுகலை வகுப்புக்குக் குறுந்தொகை 167-ஆம் பாட்டு நடத்தினேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணமான பெண் தன் கையாலேயே தயிர் பிசைந்து, அந்த விரலை உடுத்திய சேலையிலேயே துடைத்துக்கொண்டு, தாளித்த புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடுகிறான். அவள் முகம் வெளியே தெரியாத அளவுக்கு மெல்ல மலர்கிறது. இதைப் பார்த்துவிட்டு வந்து செவிலி நற்றாயிடம் சொல்கிறாள். முல்லைத் திணை, இல்லறத்தின் இனிமை என்று உரைகள் சொல்வதை நானும் சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேம், புகை கண்ல ஏறுதுன்னா அந்த வீட்ல ஜன்னல் இல்லியா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக நடத்தும் பாட்டு. விரலைப் பார்த்திருக்கிறேன், கண்ணைப் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்த்திருக்கிறேன். அடுப்புக்கு மேலே பார்த்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக, வேறு எதுவும் தோன்றாமல், என் வீட்டு டிராயரைப் பற்றிச் சொன்னேன். புகையைச் சகித்துக்கொள்ளும் கண்ணைப் பாடுகிறோம், புகைபோக்கியைப் பாடுவதில்லை என்றேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எனக்கே நன்றாகச் சொன்னதாகத் தோன்றியது.

வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் மேசைக்கு வந்தாள். பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"மேம், உங்க டிராயர் சேனல் டைப்பா? ரெண்டு பக்கமும் இரும்புத் தண்டவாளம் மாதிரி ஓடுமா?"

"ஆமாம்மா."

"கரண்டி முட்டுதுன்னா ஸ்டீல் ஸ்கேல மேலால வுட்டு அமுக்கிக்கினே இழுங்க. அப்பவும் வரலன்னா அடிப்பலக தொங்கிடுச்சின்னு அர்த்தம். கீழ் கதவத் தொறந்து உள்ளங்கையால பலகய மேல தூக்கிக்கினு இழுங்க. முழுசா வந்ததும் ரெண்டு சேனல்லயும் ஒரு கருப்பு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். ஒரு பக்கம் மேல தூக்கணும், இன்னொரு பக்கம் கீழ அமுக்கணும். ரெண்டும் ஒரே நேரத்துல. அப்பதான் கையோட கழண்டு வரும்."

"இதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அப்பா கார்பெண்டர் மேம். சின்ன வயசுலர்ந்து பலகை புடிச்சிக்கினு நின்னது நான்தான்." கொஞ்சம் நிறுத்தி, "வேல தெரிஞ்சது எனக்கு. வேலைக்குக் கூட்டினு போறது தம்பிய" என்றாள்.

அவள் சொன்னதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அது இன்னும் மூன்று வாரம் பைக்குள்ளேயே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழக்கம் அப்படிப்பட்டது.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து மழை. மலை தெரியவில்லை. கணவர் ஒரு கல்யாணத்துக்காகத் திருவள்ளூர் போயிருந்தார். டிராயருக்கு முன்னால் பலகை போட்டு உட்கார்ந்தேன்.

முப்பது சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேலை மேல் சந்து வழியாக நுழைத்துக் கரண்டிக் குழியைத் தேடி அமுக்கினேன். இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை குழி அமிழ்ந்து, டிராயர் அரை முழம் முன்னால் வந்து மறுபடி நின்றது. கரண்டியை உருவி எடுத்தேன். அவள் சொன்னது சரி. கீழ்க் கதவைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், அடிப்பலகை பின்பக்கம் காடியிலிருந்து விடுபட்டு வயிறு தொங்கிக் கீழ்ச் சட்டத்தில் இடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சேனல்கள் பொதுவாக 35, 45 கிலோ தாங்கும். அடிப்பலகையோ கால் அங்குலம்கூட இல்லாத பிளைவுட். தொட்டிப் பக்கத்து ஈரத்தில் ஊறிய பிளைவுட்டின்மேல் இரும்பு உரலை வைத்தது நான்தான். மேலே கரண்டி, கீழே பலகை. இரண்டுக்கும் நடுவே நான் மூன்று மாதம் கை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இடது உள்ளங்கையால் பலகையைத் தூக்கிக்கொண்டு வலது கையால் இழுத்தேன். வந்துவிட்டது. கருப்பு நாக்குகளில் ஒன்றைத் தூக்கி, ஒன்றை அமுக்கி, டிராயரை மொத்தமாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சேனலுக்குள் மாவும் எண்ணெயும் சேர்ந்து கருப்பாக இறுகியிருந்தது. பழைய பனியன் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். பலகையைக் காடியில் திரும்பப் பொருத்தி, ஃபெவிகால் தடவி, சின்ன ஆணி நாலு அடித்தேன். பசை காயும்வரை எடை வேண்டும். தமிழ் லெக்சிகனில் கனமான தொகுதிகளாக இரண்டை எடுத்து உள்ளே வைத்தேன். ஆய்வுப் பட்டத்துக்குப் பிறகு அவை இவ்வளவு உருப்படியாக எதற்கும் பயன்பட்டதில்லை.

மொத்தம் ஒரு மணி இருபது நிமிடம்.

அந்த இரவு எனக்கிருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை. தோழிகளுக்குப் படம் அனுப்பினேன். அவர்கள் இதயம் போட்டார்கள். கணவர் வந்து பார்த்து, "அட, நா பாத்திருப்பேனே" என்றார். மனதுக்குள் ஒரு கவிதைக்கு முதல் வரியும் தயாராக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அக்கா வந்தார்.

அக்கா என்று நான் கூப்பிடுவது எங்கள் வீட்டில் வேலை செய்பவரை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். எட்டு வருடமாக வருகிறார். பாத்திரம் துலக்கி, வீடு கூட்டித் துடைத்து, காய் நறுக்கி வைத்துவிட்டு, இன்னும் மூன்று வீடு போவார். இந்தக் கட்டுரையில் அவர் இவ்வளவு தாமதமாக வருகிறார் என்பதைப் படிப்பவர்கள் கவனித்திருப்பீர்கள். என் சமையலறைக் கதையிலும் அவர் அந்தத் திங்கட்கிழமைதான் வந்தார்.

"டிராயரு தொறந்துகிச்சா டீச்சர்!" என்று ஒரு தடவை இழுத்து மூடிப் பார்த்தார். சந்தோஷமாகச் சிரித்தார். பிறகு மேடைமேல் கிடந்த பச்சைக் கைப்பிடிக் கத்தியைக் கழுவி, முந்தானையில் துடைத்து, செய்தித்தாளில் சுற்றித் தன் ஒயர்கூடையில் வைத்துக்கொண்டார்.

"அத எங்கக்கா எடுத்துட்டுப் போறீங்க?"

"என்னுது டீச்சர் இது. எங்க வூட்லர்ந்து எடுத்தாந்தது." வலது கை ஆள்காட்டி விரலைக் காட்டினார். மூட்டின் மேலே குறுக்காக இரண்டு கோடுகள், ஒன்று பழையது, ஒன்று இன்னும் சிவப்பாக. "உள்ள கைய வுட்டு கத்தி எடுக்கசொல்ல ரெண்டு வாட்டி கிழிச்சிகிச்சி. சரி, எதுக்கு வம்புன்னு இத எடுத்தாந்துட்டேன்."

"அப்ப உங்க வீட்ல?"

"வூட்ல அருவாமணை இருக்குதில்ல."

குனிந்து உட்கார முடியவில்லை, முட்டி பிடித்துக்கொள்கிறது என்று சித்திரையில் அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. அது மட்டும் எப்படியோ நினைவிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா."

"சொன்னேனே. நீங்க பேப்பர் திருத்திக்கினு இருந்தீங்க. 'ம்'னீங்க." குறை சொல்லும் குரலே இல்லை. "அப்புறம் சார்கிட்டயும் சொன்னேன். அவரும் 'ம்'னாரு."

சிரித்துக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

அந்த 'ம்' எனக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருடமாகக் கேட்கிறேன். அதைப் பற்றி இரண்டு கவிதை எழுதியிருக்கிறேன். மகளிர் தினக் கூட்டங்களில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். என் வாயிலிருந்தும் அதே சத்தம் வரும் என்று தெரியாது. மூன்று மாதம் இன்னொரு வீட்டுக் கத்தியால் வெங்காயம் அரிந்திருக்கிறேன். அது யாருடையது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தப் பருவத்தில் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைத்தான் இளங்கலை வகுப்புக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வீட்டுச் சமையலறையைப் பற்றி யார் யோசிக்கிறார்கள், யார் யோசிப்பதில்லை என்று கரும்பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். என்னை எந்தப் பத்தியில் போடுவது என்ற சந்தேகம் அன்று வரவில்லை.

2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது. ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். அவர்களும் செலவிடுவது 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289-உம் 88-உம் ஆனது. இந்த எண்களை மேடைதோறும் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்த 299 நிமிடப் பெண் நான்தான் என்று ஒரு நினைப்பு. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு அவ்வளவு வராது. என் நிமிடங்களைக் குறைத்தது என் கணவர் இல்லை, அக்கா. என் பங்கிலிருந்து இறங்கியது அவர் தோளில் ஏறி, கூலி வேலை என்று வேறொரு கட்டத்தில் பதிவாகிறது. பிறகு அவர் தன் வீட்டுக்குப் போய்த் தன் பங்கைத் தனியாகச் செய்கிறார், அரிவாள்மணையில்.

இன்னொன்று எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை. உடைந்ததோடு ஒத்துப்போவது. கையை ஒருக்களிப்பது, கத்தியைப் பையில் சுமந்து வருவது, வலிக்காத கோணத்தைக் கண்டுபிடிப்பது. இதுவும் வேலைதான். பழகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, அந்த வேலையை இனி கேள்வி கேட்காமல் செய்யப்போகிறோம் என்று பொருள். நாம் சொல்லாமலே விடும்போது, நமக்குக் கீழே நிற்கிறவர் அதைச் செய்கிறார் என்று பொருள்.

2011-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்காக ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. 189-ஆம் எண். பாதுகாப்பான, உடலைக் கெடுக்காத பணியிடம் அவர்களுடைய உரிமை என்று அதன் 13-ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-இலேயே அமைந்துவிட்டது. இவை எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். இதைப் பற்றி எழுதிய மாணவியின் ஆய்வேட்டில் கையெழுத்துக்கூடப் போட்டிருக்கிறேன். 'பணியிடம்' என்ற சொல்லைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஏதோ பெரிய ஊரில் பெரிய பங்களா. என் அடுப்பு மேடையும் தொட்டியும் டிராயரும் ஒருவருடைய பணியிடம் என்று தோன்றவில்லை. என் வகுப்பறையில் மின்விசிறி மூன்று மாதம் ஓடாவிட்டால் நான் சும்மா இருந்திருப்பேனா? முதல் வாரமே முதல்வருக்குக் கடிதம் போயிருக்கும்.

அன்று மாலை கணவரிடம் சொன்னேன். விரலைப் பற்றியும் கத்தியைப் பற்றியும். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "என்கிட்ட சொன்னது எனக்கு ஞாபகமே இல்ல" என்றார்.

"எனக்கும் இல்ல" என்றேன். எங்கள் இருவருக்கும் அதற்கு மேல் பேச எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் கத்திக்குப் பணம் கொடுத்தேன். "கத்திக்கு எதுக்கு டீச்சர் காசு, அதான் எடுத்துகினு போய்ட்டேனே" என்று வாங்க மறுத்தார். அது என் மனசு ஆறுவதற்காகக் கொடுத்த பணம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிராயரை அவரையே அடுக்கச் சொன்னேன். கத்திகளுக்கு மரத்தடுப்பு ஒன்று வேண்டும், கைப்பிடி முன்னால் வரவேண்டும் என்றார். உரலைக் கீழே வைத்தார். பெரிய கரண்டி பரணுக்குப் போனது. மூன்று சாவிகளையும் எடுத்து, "இது எந்தப் பூட்டுது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் குப்பையில் போட்டார்.

"வேற எதாவது சரி பண்ணணுமாக்கா? இந்த ரூம்ல?"

அவர் உடனே சொல்லவில்லை. பாத்திரம் துலக்கும் தொட்டியைப் பார்த்தார். பிறகு, "சிங்க்கு ரொம்பக் கீழ இருக்குது டீச்சர். குனிஞ்சிக்கினே இருந்தா இடுப்பு வுட்டுப் போவுது" என்றார்.

எட்டு வருடம்.

டிராயர்போல இது ஸ்டீல் ஸ்கேலுக்கு அடங்குகிற வேலை இல்லை. தற்காலிகமாகத் தொட்டிக்குள் ஓர் இரும்பு ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் பாத்திரம் வைத்துத் துலக்கும்படி செய்திருக்கிறோம். அது போதாது. மேடையின் அந்தப் பக்கத்தை இடித்துத் தூக்கிக் கட்ட வேண்டும். போன வாரம் மேஸ்திரிக்குப் போன் செய்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சார் இருப்பாராம்மா?" என்றார்.

"எங்க வீட்ல வேல செய்ற அக்கா இருப்பாங்க. அவங்கள நிக்க வெச்சு உயரம் அளக்கணும்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "சரிம்மா, எத்தன மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.

காலை ஆறரைக்கு என்றேன்.